வெட்டரன் யூனிட்டை சாகவிடாம வளக்குறது எப்படி: ஆர்டிஎஸ் கேம்ல எக்ஸ்பி சேக்குற வழி

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, ஸ்டார்கிராஃப்ட் மாதிரி ஆர்டிஎஸ் (ரியல் டைம் ஸ்ட்ராடஜி, அதாவது படை எடுத்து சண்டை போடுற) கேம்ல ஊறுனவங்களுக்கு ஒரு பழக்கம் ரத்தத்துலயே கலந்திருக்கும். யூனிட்டுன்னா, அதாவது நம்ம படைல இருக்கற ஆளோ டேங்க்கோ, செலவு பண்றதுக்குத்தான், பத்து போனா பதினஞ்சு எடுத்துக்கலாம், பாரக்ஸ்ல (ஆள் எடுக்குற கட்டடம்) கியூ நிக்காம ஓடணும், அவ்ளோதான். அந்த கேம்ல அது சரியான ஆட்டம்தான், நான் தப்பு சொல்லல. ஸ்டார்கிராஃப்ட்ல ஒரு மரீனை கிளிக் பண்ணா இவன் எத்தனை பேரை கொன்னிருக்கான்னு காட்டும், ஆனா அந்த நம்பரால அவனுக்கு பைசா பிரயோஜனம் கிடையாது, இருபது பேரை கொன்னவனும் இப்பதான் கதவைத் திறந்து வெளிய வந்தவனும் ஒரே அடிதான் அடிப்பான், ஒரே அடிலதான் சாவான்.

அதே பழக்கத்தோட வார்கிராஃப்ட் 3, வார்ஸோன் 2100, கம்பெனி ஆஃப் ஹீரோஸ், டான் ஆஃப் வார் 2 பக்கம் போனா அங்கதான் அடி வாங்குறோம். முதல் ரெண்டு மூணு மிஷன் ஜெயிச்சிடுவோம், எல்லாம் நல்லா போகுதுன்னு நினைப்போம், அஞ்சாவது மிஷன்ல எதிரி திடீர்னு ரொம்ப கஷ்டமா தெரிவான். அவன் கஷ்டமாகல, நம்மகிட்ட இருக்க வேண்டிய பழைய ஆளுங்க, அதாவது சண்டை போட்டு ரேங்க் ஏறுன வெட்டரன் யூனிட்டுங்க இல்ல, அதான் விஷயம். நான் இதுல பாக்குற கணக்கு ரொம்ப சிம்பிள், யூனிட்டுங்கறது முதல், எக்ஸ்பிங்கறது, அதாவது சண்டைல சேர்ற அனுபவப் புள்ளி, அதுல வர்ற வட்டி. வட்டிக்கு ஆசைப்பட்டு முதலுக்கே மோசம் பண்ணிடக்கூடாது. கீழ எழுதியிருக்கறது பூரா இதை கையால எப்படி செய்யறதுன்னுதான்.

முதல்ல கேம் எந்த வகைன்னு கண்டுபிடிங்க

எக்ஸ்பின்னு சொன்னாலும் எல்லா கேமும் ஒரே மாதிரி இல்ல. சிலதுல ஹீரோவுக்கு மட்டும்தான் லெவல், மத்தவங்க எல்லாம் சாதா ஆளுங்க, வார்கிராஃப்ட் 3 அப்படி. சிலதுல ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனித்தனியா ரேங்க் ஏறும், ஆனா அந்த மேட்ச் முடிஞ்சதும் எல்லாம் போயிடும், ரெட் அலர்ட் 2 அப்படி. சிலதுல தப்பிச்ச யூனிட் அப்படியே அடுத்த மிஷனுக்கும் வரும், வார்ஸோன் 2100, டான் ஆஃப் வார் 2 எல்லாம் இந்த வகை. 1997ல வந்த மித் கேம்லயே இது இருந்துச்சு, அங்க பேஸே கட்ட முடியாது, ஒவ்வொரு வீரனுக்கும் பேரு இருக்கும், கொன்ன கணக்கு இருக்கும், தப்பிச்சவன் அடுத்த மிஷன்ல அதே பேரோட வந்து நிப்பான், முன்னைவிட வேகமா, குறி தப்பாம அடிப்பான்.

புது கேம் ஒன்னு எடுத்தா நான் முதல்ல கேம்பெயினை (கதையோட மிஷன் மிஷனா போற ஆட்டம்) தொட மாட்டேன். ஈஸி ஏஐ (கம்ப்யூட்டர் எதிரி) கூட ஒரு ஸ்கிர்மிஷ் (கதை இல்லாத தனி மேட்ச்) போட்டு, ஒரே ஒரு யூனிட்டை விட்டு நாலஞ்சு பேரை அடிக்க வச்சு பாப்பேன். ரேங்க் எப்ப ஏறுது, கடைசி அடி அடிச்சவனுக்கு மட்டும் சேருதா இல்ல பக்கத்துல நின்னவனுக்கும் சேருதா, ரேங்க் ஏறுனா என்ன மாறுது, இதை எல்லாம் கண்ணால பாத்துட்டுதான் உள்ள இறங்குவேன். அரை மணி நேரம் செலவாகும், ஆனா பின்னாடி பத்து மணி நேரம் மிச்சம்.

வார்கிராஃப்ட் 3: கணக்கு தெரிஞ்சா பாதி ஜெயிச்ச மாதிரி

2002ல வார்கிராஃப்ட் 3 வந்தப்ப ஆர்டிஎஸ்க்குள்ள ஆர்பிஜியை (ஒரு ஆளை லெவல் ஏத்தி வளக்குற கேம் வகை) கொண்டு வந்து வச்சுட்டாங்கன்னு எல்லாரும் பேசுனாங்க, டோட்டாங்கற பிரபலமான கேமே இந்த கேமோட மேப் எடிட்டர்ல இருந்து பொறந்ததுதான். ஹீரோ லெவல் 1ல ஆரம்பிச்சு 10 வரைக்கும் போகலாம். லெவல் 2க்கு மொத்தம் 200 எக்ஸ்பி, 3க்கு 500, 4க்கு 900, 5க்கு 1400, 6க்கு 2000, இப்படியே கூடிக்கூடி 10க்கு 5400. லெவல் 6லதான் அல்டிமேட் (ஹீரோவோட பெரிய சக்தி) கிடைக்கும், அதனால எல்லாரும் அந்த 2000ஐத்தான் குறி வைப்பாங்க.

இப்ப வரவு எப்படின்னு பாருங்க. செத்த யூனிட்டோட லெவல் 1னா 25 எக்ஸ்பி, 2னா 40, 3னா 60, 4னா 85, 5னா 115. ஆனா காட்டுல நிக்கிற க்ரீப்பை (எந்தப் பக்கமும் சேராத மிருகம், கொள்ளைக்காரன் மாதிரி ஆளுங்க) அடிச்சா இது முழுசா வராது. உங்க ஹீரோ லெவல் 1ல இருந்தா 80 சதவீதம், 2ல 70, 3ல 60, 4ல 50, லெவல் 5 ஆயிட்டா பூஜ்யம். ஆமா, பூஜ்யம்தான். லெவல் 5 ஹீரோவை வச்சுக்கிட்டு க்ரீப் கேம்ப் கேம்பா சுத்துறவங்களை நான் நிறைய பாத்திருக்கேன், தங்கமும் ஐட்டமும் கிடைக்கும்தான், ஆனா எக்ஸ்பி ஒரு துளி கூட ஏறாது.

ஒரு உதாரணம் போட்டு பாக்கலாம். லெவல் 3 க்ரீப் ஒன்னு, லெவல் 1 க்ரீப் ரெண்டு இருக்கற பச்சை (லேசான) கேம்ப்னு வச்சுக்கோங்க. லெவல் 1 ஹீரோவுக்கு 60ல 80 சதவீதம் 48, மத்த ரெண்டுக்கும் தலா 20, மொத்தம் 88. இதே மாதிரி இன்னொரு கேம்ப் அடிச்சா 176. இன்னும் 24தான் பாக்கி, போற வழியில ஒரு லெவல் 2 க்ரீப் மாட்டுனா 32 கிடைச்சிடும், லெவல் 2 ஆயாச்சு. அதாவது முதல்ல ரெண்டு சின்ன கேம்ப், அப்புறம் ஒரு துண்டு, இவ்ளோதான் தேவை. இதை மனசுல வச்சு மேப்ல எந்த கேம்ப் முதல்ல, எது அடுத்தது, எங்க போய் எதிரியோட முட்டணும்னு ஒரு பாதை போட்டுக்கோங்க. கேம் ஆரம்பிச்சப்புறம் யோசிச்சா லேட்.

இப்ப லெவல் 5ல இருந்து 6க்கு வாங்க. 600 எக்ஸ்பி வேணும், க்ரீப் உதவாது. எதிரியோட ஃபுட்மேன் (சாதா வாள்வீரன்) லெவல் 2, ஒருத்தனுக்கு 40, அப்படின்னா 15 ஃபுட்மேன் சாகணும். ஆனா எதிரியோட ஹீரோ லெவல் 5ல இருந்தா அவன் ஒருத்தனுக்கே 300. ரெண்டு தடவை அவனை படுக்க வச்சா முடிஞ்சது. ஹீரோ கில் மதிப்பு லெவல் 1க்கு 100, 2க்கு 120, 3க்கு 160, 4க்கு 220, 5க்கு 300. இந்த அட்டவணையை தலைகீழா திருப்பி பாருங்க, அங்கதான் முக்கியமான பாடமே இருக்கு. உங்க லெவல் 4 ஹீரோ செத்தா எதிரிக்கு நீங்களே 220 தூக்கி குடுக்கறீங்க, கூடவே ஆல்டர்ல (ஹீரோ வர்ற கட்டடம்) ரிவைவ் பண்ற, அதாவது மறுபடி உயிரோட எழுப்புற காசும் போகுது, நேரமும் போகுது, அந்த நேரத்துல அவன் வேற க்ரீப் அடிச்சுக்கிட்டு இருப்பான். ரெண்டு ஃபுட்மேனை பின்னாடி விட்டு ஹீரோவை இழுத்துட்டு ஓடுனா அவனுக்கு போறது 80தான். அதனால ஹீரோ உயிர் பாதிக்கு கீழ போச்சுன்னா யோசிக்காம இழுங்க. 350 தங்கம் போட்டு டவுன் போர்ட்டல் ஸ்க்ரோல் (படையோட பேஸுக்கு தப்பிச்சு வர்ற மந்திரச் சுருள்) ஒன்னு எப்பவும் பைல இருக்கட்டும், அதை வாங்க மனசு வராதவங்க ஹீரோ செத்தப்புறம் அழுவாங்க.

ஒரு சின்ன விஷயம், சம்மன் பண்ண (மந்திரத்துல வரவழைச்ச) யூனிட்டை கொன்னா பாதி எக்ஸ்பிதான். அதனால வாட்டர் எலிமெண்டலை முன்னாடி விட்டு அடி வாங்க வைக்கிறது நல்ல வியாபாரம், எதிரிக்கு வரவு கம்மி, நமக்கு நஷ்டம் வெறும் மானா (மந்திர சக்தி). இன்னொன்னு, சாகப்போற உங்க யூனிட்டை எதிரி கொல்றதுக்கு முன்னாடி நீங்களே அடிச்சு முடிச்சா அவனுக்கு எக்ஸ்பி கிடைக்காது. கேக்க கொடூரமா இருக்கும், ஆனா நல்லா ஆடுறவங்க எல்லாரும் செய்வாங்க.

ரெண்டாவது ஹீரோ எடுத்ததும் பக்கத்துல நிக்கிற ஹீரோக்களுக்குள்ள எக்ஸ்பி பங்கு போயிடும். அதனால முதல் ஹீரோ 3 ஆகுற வரைக்கும் தனியா விட்டு வளத்துட்டு அப்புறம் ரெண்டாவதை கூட்டிக்கிட்டு வாங்க. புதுசா வந்தவனை சீக்கிரம் ஏத்தணும்னா, பயம் இல்லாத சின்ன கேம்ப்புக்கு அவனை மட்டும் நாலு ஆளோட அனுப்புங்க, பெரியவன் வேற பக்கம் எதிரியை பாத்துக்கட்டும்.

கேம்பெயின்ல ஹீரோ லெவலும் ஐட்டமும் அடுத்த மிஷனுக்கு கூட வரும். அதனால மிஷன் முடிக்கிற கடைசி கட்டடத்தை உடைக்கிறதுக்கு முன்னாடி மேப்ல மிச்சம் இருக்கற மூலை முடுக்கெல்லாம் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. அங்க கிடைக்கிற டோம் புத்தகம் ஸ்ட்ரெங்த், அஜிலிட்டி எல்லாம் நிரந்தரமா ஏத்தும், ஒன்னு ஒன்னா பாத்தா சின்னதா தெரியும், எட்டு மிஷன் கழிச்சு பாத்தா ஹீரோ ஆளே மாறியிருப்பான். 2003ல வந்த ஃப்ரோஸன் த்ரோன்ல அன்டெட் கேம்பெயின் ஆடும்போது ஒன்னு கவனிங்க, அங்க நம்ம ஹீரோ ஆர்தாஸ் பெரிய லெவல்ல ஆரம்பிச்சு மிஷன் போகப்போக லெவல் இறங்கிக்கிட்டே வருவான். அவனோட தலைவன் லிச் கிங்கோட சக்தி குறையறதை கதையா சொல்லாம நம்ம கையில இருந்தே பிடுங்கி காட்டுறாங்க, எனக்கு அந்த கேம்ல ரொம்ப பிடிச்ச இடம் அதுதான். அங்க ஸ்பெல்லை நம்பி ஆடாதீங்க, ஆர்மியை பெருசா வச்சு ஆடுங்க.

ரெட் அலர்ட் 2 பத்தி சுருக்கமா

இங்க கணக்கு கில் எண்ணிக்கைல இல்ல, விலைல. ஒரு யூனிட் தன்னோட விலையைப் போல மூணு மடங்கு மதிப்புள்ள எதிரியை அழிச்சா வெட்டரன், மறுபடி அதே அளவு அழிச்சா எலீட். 900 விலை ரைனோ டேங்க் 2700க்கு அடிக்கணும், 700 விலை க்ரிஸ்லி டேங்க் நாலு உடைச்சா தாண்டிடும். 1750 விலை அபோகலிப்ஸ் டேங்க் 5250க்கு அடிக்கணும், அதனாலதான் அது ரேங்க் ஏறவே மாட்டேங்குதுன்னு தோணும். 100 விலை கான்ஸ்க்ரிப்ட் வீரன் 200 விலை ஜிஐ வீரங்க ரெண்டு பேரை சுட்டாலே வெட்டரன். விலை கம்மியான யூனிட் சீக்கிரம் ஏறும், சீக்கிரம் சாகவும் செய்யும், அதனால நடுத்தர விலைல இருக்கற டேங்க்தான் வளக்குறதுக்கு ஏத்தது. எலீட் ஆயிட்டா தன்னால உயிர் ஏறும், அப்ப அடிச்சுட்டு ஓரமா கொஞ்ச நேரம் நிறுத்தி வச்சா போதும், திரும்ப முழுசாயிடும். குறுக்கு வழி ஒன்னு இருக்கு, ஒரு ஸ்பையை எதிரியோட வார் ஃபேக்டரிக்குள்ள விட்டா அதுக்கப்புறம் உங்க டேங்க் எல்லாம் வெட்டரனாவே வெளிய வரும், பாரக்ஸ்க்குள்ள விட்டா காலாட்படைக்கும் அப்படியே. ஸ்பையை பிடிக்க எதிரி நாயை நிறுத்தி வச்சிருப்பான், அதை முதல்ல பாத்துக்கோங்க.

கம்பெனி ஆஃப் ஹீரோஸ்: டி (T) கீ

2006ல வந்த முதல் பாகத்துல ஒவ்வொரு படைக்கும் ஒரு வழி வச்சிருந்தாங்க. அமெரிக்கன் ஸ்க்வாட் (சின்ன படைக்குழு) சண்டை போட்டு வெட்டரன்சி (வெட்டரன் ரேங்க்) ஏத்தணும், வேர்மாக்ட் (ஜெர்மன் படை) காரங்க காம்ப்கிராஃப்ட் சென்டர்ல காசு போட்டு வாங்கணும். அதனால வேர்மாக்ட் ஆடும்போது ஸ்க்வாட் செத்தா அடுத்து வர்றவனும் அதே ரேங்க்லதான் வருவான், மனசு ரொம்ப வலிக்காது. அமெரிக்கன் ஆடும்போது ஒரு மூணு ஸ்டார் ரைஃபிள்மேன் ஸ்க்வாட் போச்சுன்னா போனதுதான்.

ஆனா இந்த சீரிஸ்ல ஒரு பெரிய கருணை இருக்கு. ஸ்க்வாட்ல ஆறு பேர் போய் ஒருத்தன் மட்டும் திரும்பி வந்தா போதும், பேஸ்ல ரீஇன்ஃபோர்ஸ் பண்ணா (ஆள் நிரப்புனா) அஞ்சு பேரும் புதுசா வருவாங்க, ஸ்க்வாட்டோட வெட்டரன்சி அப்படியே இருக்கும். டி கீ அமுக்குனா ரிட்ரீட், எல்லாம் போட்டது போட்டபடி பேஸ்க்கு ஓடி வருவாங்க, ஓடும்போது அடியும் கம்மியாதான் படும். எப்ப அமுக்கணும்ங்கறதுலதான் ஆட்டமே இருக்கு. நான் வச்சிருக்கற விதி, ஆறு பேர்ல மூணு பேர் ஆனா டி. ரெண்டு பேர் ஆனப்புறம் அமுக்குனா வழியில ஒரு மெஷின்கன் இருந்தா கதை முடிஞ்சிடும். அதோட ஓடுற வழியையும் முன்னாடியே பாத்துக்கணும், ரிட்ரீட் பாதை நேரா எதிரியோட மெஷின்கன் முன்னாடி போகுதுன்னா டி அமுக்குறது தற்கொலைக்கு சமம், முதல்ல கையால ரெண்டடி பின்னாடி இழுத்துட்டு அப்புறம் அமுக்குங்க.

2014ல வந்த ஆர்டென்ஸ் அசால்ட்ல இதை இன்னும் ஒரு படி மேல கொண்டு போயிருக்காங்க. 1944 டிசம்பர்ல நடந்த பல்ஜ் சண்டைதான் களம். நீங்க ஒரு மிஷன்ல இழக்குற ஒவ்வொரு ஆளும் அந்த கம்பெனியோட பலத்துல இருந்து கழியும், பலம் பூஜ்யம் ஆயிட்டா அந்த கம்பெனி கேம்பெயின் முடியற வரைக்கும் கிடையாது. இங்க ஜெயிச்சேன்னு சொல்றதுக்கு முன்னாடி எத்தனை பேரை வச்சு ஜெயிச்சேன்னு பாக்கணும்.

வார்ஸோன் 2100: உண்மையான வளர்ப்பு இங்கதான்

இந்த கேமை பத்திதான் நான் அதிகமா எழுதணும்னு நினைச்சேன். 1999ல வந்தது, 2004 டிசம்பர்ல சோர்ஸ் கோடை ஜிபிஎல் லைசென்ஸ்ல (யாரும் எடுத்து மாத்திக்கலாம்) வெளிய விட்டாங்க, அன்னைலருந்து ஆர்வலர்கள் கையிலதான் வளருது, இன்னைக்கும் ஃப்ரீ, பழைய லேப்டாப்லயும் ஓடும். காசு செலவே இல்லாம எக்ஸ்பி வளக்குறதை கத்துக்கணும்னா இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

இங்க ஒவ்வொரு டேங்க்குக்கும் ரேங்க் இருக்கு. ரூக்கில ஆரம்பிச்சு கிரீன், டிரெய்ன்ட், ரெகுலர், ப்ரொஃபஷனல், வெட்டரன், எலீட், ஸ்பெஷல், கடைசில ஹீரோ. 4 பாயிண்ட்ல கிரீன், 8ல டிரெய்ன்ட், 16ல ரெகுலர், அப்புறம் 32, 64ன்னு ரெட்டிப்பாகி ரெட்டிப்பாகி ஹீரோவுக்கு 512. கடைசி குண்டு போட்டவனுக்கு மட்டும் சேராது, எவ்ளோ டேமேஜ் பண்ணுச்சோ அதுக்கு ஏத்த மாதிரி சேரும், அதனால கில் திருட்டு பத்தி கவலைப்பட வேணாம். இந்த ரெட்டிப்பு கணக்குல ஒரு புத்திசாலித்தனம் ஒளிஞ்சிருக்கு. ஒரே டேங்கை ஹீரோ ஆக்க செலவாகுற 512 பாயிண்ட்ல 32 டேங்கை ரெகுலர் ஆக்கிடலாம். அதனால ஆரம்பத்துல ஒருத்தனையே முன்னாடி விட்டு எல்லா கில்லும் அவனுக்கே குடுக்காதீங்க. முன்வரிசைல நிக்கிறவங்களை மாத்தி மாத்தி விடுங்க, எல்லாரும் முதல்ல ரெகுலர் ஆகட்டும்.

இப்ப நான் செஞ்ச தப்பை சொல்றேன். ஆல்ஃபா கேம்பெயின்ல ஸ்கேவஞ்சர்ங்கற எதிரிக் கூட்டத்தோட மோதுன முதல் மிஷன்லருந்து என்கிட்ட நாலு வைப்பர் (ஆரம்ப கால பாடி) மெஷின்கன் டேங்க் இருந்துச்சு, வெறும் வீல் வச்சது. நாலும் ஒன்னா வளந்துச்சு, நியூ பாரடைம்ங்கற அடுத்த எதிரி வர்ற நேரத்துக்கு நாலும் ரெகுலர் தாண்டிடுச்சு. ஒரு மேட்டுப் பாதைல ஏறிட்டு இருந்தப்ப மேல ஒரு பங்கர், பக்கத்துல ரெண்டு டவர். நான் பேஸ்ல ரிசர்ச் மாத்திக்கிட்டு இருந்தேன், பத்து செகண்ட் கூட இருக்காது. திரும்பி வந்து பாத்தா ரெண்டு போச்சு, மூணாவது சிவப்புல நின்னு சுட்டுக்கிட்டு இருக்கு. ஏன் அது பின்வாங்கலன்னு பாத்தா, நான் அந்த செட்டிங்கை ஒரு தடவை கூட தொட்டதே இல்ல, டூ ஆர் டைலயே (சாகுற வரைக்கும் நின்னு அடி) விட்டு வச்சிருந்தேன். அது என் சொல்லை கேட்டுட்டு நின்னு செத்துச்சு. அன்னைக்கு எனக்கு சாப்பாடே இறங்கல, உண்மையா சொல்றேன்.

அதனால முதல் டேங்க் ஃபேக்டரில இருந்து வெளிய வந்த உடனே செய்ய வேண்டியது, அதை செலக்ட் பண்ணி ஆர்டர் மெனுவுல ரிட்ரீட் அட் மீடியம் டேமேஜ் போடுங்க. ரிட்ரீட் அட் ஹெவி டேமேஜ்ஜும் இருக்கு, ஆனா அந்த அளவு அடி வாங்குனப்புறம் திரும்பி வர்ற வழியில பாதி டேங்க் செத்துடும், மீடியம்தான் பாதுகாப்பு. இதை போட்டா அடிபட்டது தானா ரிப்பேர் ஃபெசிலிட்டிக்கு போய் சரியாகி வரும், நீங்க பேஸ் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தாலும் நடக்கும்.

இதுல மாட்டிக்கிற இடம் ஒன்னு இருக்கு. ரிப்பேர் ஃபெசிலிட்டி ஒன்னே ஒன்னு பேஸ்ல வச்சுட்டு, பன்னெண்டு டேங்க்கும் ஒரே நேரத்துல திரும்புனா அங்க பஸ் ஸ்டாண்ட் மாதிரி நெரிசல் ஆயிடும், முன்னாடி நிக்கிறது நகராது, பின்னாடி வர்றது உள்ள போகாது, எதிரி துரத்திக்கிட்டு வந்தா எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சு அடிப்பான். அதனால சண்டை நடக்குற இடத்துக்கும் பேஸுக்கும் நடுவுல, எதிரி பீரங்கி எட்டாத தூரத்துல, ரெண்டு ரிப்பேர் ஃபெசிலிட்டி தள்ளித்தள்ளி கட்டுங்க. சுத்தி கொஞ்சம் காலி இடம் விடுங்க, சுவர் ஓரமா கட்டாதீங்க. ஒரு ட்ரக் எப்பவும் படை கூடவே வரட்டும், முன்னேற முன்னேற புதுசு கட்டிக்கிட்டே போகணும்.

அடுத்தது கமாண்டர். கமாண்ட் டரட் (துப்பாக்கிக்கு பதிலா மேல மாட்டுற கமாண்டர் பாகம்) வச்ச டேங்க்குக்கு கீழ மத்த டேங்க்குகளை சேத்து விட்டா, அவங்க பண்ற டேமேஜ்ல கமாண்டருக்கும் எக்ஸ்பி சேரும், கமாண்டரோட ரேங்க் ஏறுனா அவன் கீழ இருக்கறவங்களுக்கும் பலன் கிடைக்கும், சேத்துக்கக்கூடிய ஆள் எண்ணிக்கையும் கூடும். அதனால கமாண்டர் உடம்புக்கு உங்ககிட்ட இருக்கறதுலயே நல்ல பாடி போடுங்க, காசு பாக்காதீங்க. புதுசா வர்ற ரூக்கி எல்லாம் பழைய கமாண்டர் கீழ போகட்டும், புது பையனை அனுபவசாலி மேஸ்திரி கூட வேலைக்கு அனுப்புற மாதிரிதான். கமாண்டர் மட்டும் கொஞ்சம் பின்னாடியே நிக்கணும், அவன் முன்னாடி ஓடாம பாத்துக்கறது உங்க பொறுப்பு.

இப்ப நிறைய பேருக்கு தெரியாத விஷயம், ரீசைக்கிள். ரொம்ப நாள் வளத்த வைப்பர் டேங்க், ரேங்க் பெருசா இருக்கு, ஆனா உடம்பு பழசு. எதிரி இப்ப பெரிய பீரங்கியோட வர்றான், ரெண்டு அடில போயிடும். சாகட்டும்னு விடவும் மனசு வராது, வச்சுக்கிட்டும் பிரயோஜனம் இல்ல. அந்த டேங்கை ரீசைக்கிள் ஆர்டர் குடுத்து அனுப்பிடுங்க. அது பேஸுக்கு போய் கலைஞ்சிடும், ஆனா அதோட எக்ஸ்பி வீணாகாது, அடுத்து ஃபேக்டரில இருந்து வெளிய வர்ற சண்டை யூனிட்டுக்கு போய் சேரும். அதாவது அதே பழைய ஆள் கோப்ராங்கற புது உடம்புல, வீலுக்கு பதிலா ஹாஃப் ட்ராக் போட்டு, புது துப்பாக்கியோட வெளிய வருவான். இதை நான் முதல் தடவை பாத்தப்ப ஃபேக்டரி கதவு திறந்து புது டேங்க் தலைக்கு மேல பழைய ரேங்க் குறியோட வந்து நின்னுச்சு, அப்படியே நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

இதை செய்யும்போது ஒரு ஒழுங்கு வேணும். முதல்ல எல்லா ஃபேக்டரியையும் நிறுத்திடுங்க. புது டிசைனை முடிச்சு வச்சுக்கோங்க. அப்புறம் ரீசைக்கிள் அனுப்புங்க, கலைஞ்சதுன்னு உறுதியானதும் அந்த நல்ல டிசைனை மட்டும் ஒரு ஃபேக்டரில போடுங்க. இல்லன்னா சைபார்க் ஃபேக்டரில இருந்து ஒரு சாதா மெஷின்கன் சைபார்க் முதல்ல வெளிய வந்து, நீங்க மாசக்கணக்குல சேத்த அனுபவத்தை வாங்கிட்டு போயிடும். எனக்கு நடந்திருக்கு. அதோட பத்து டேங்கையும் ஒரே நேரத்துல ரீசைக்கிள் பண்ணாதீங்க, கேம்பெயின்ல மிஷன் டைமர் ஓடும், படை இல்லாத நேரம் பாத்து எதிரி வந்து நிப்பான். ரெண்டு ரெண்டா மாத்துங்க, அவசரமே இல்ல.

அவே மிஷனுக்கு (பேஸை விட்டு வேற இடத்துக்கு போற மிஷன்) ட்ரான்ஸ்போர்ட் ஒரு நடைக்கு 10 யூனிட்தான் ஏத்தும். அதுல என்ன ஏத்தணும்? எல்லாம் வெட்டரனா ஏத்தணும்னு கை துறுதுறுன்னு இருக்கும். நான் ஆறு பழசு, மூணு புதுசு, ஒரு ரிப்பேர் டரட்னு ஏத்துவேன். பழசு காப்பாத்தும், புதுசு கத்துக்கும், ரிப்பேர் டரட் ரெண்டையும் உயிரோட வச்சிருக்கும். முழுக்க வெட்டரனை ஏத்தி ஒரு பதுங்கு தாக்குதல்ல மாட்டுனா மொத்த குடும்பமும் ஒரே நாள்ல போயிடும்.

டான் ஆஃப் வார் 2

2009ல வந்த இந்த கேம்ல கேம்பெயின்ல பேஸே இல்ல, ஒரு மிஷனுக்கு நாலு ஸ்க்வாட் வரைக்கும்தான் கூட்டிட்டு போகலாம், லெவல் 20 வரைக்கும் ஏறலாம். கூட்டிட்டு போகாதவங்க பின்தங்குவாங்க, அதனால பிடிச்ச நாலு பேரையே ஒவ்வொரு தடவையும் கூட்டிட்டு போனா பின்னாடி வேற ஆள் தேவைப்படுற இடத்துல கை கட்டுன மாதிரி ஆயிடும். லெவல் ஏறும்போது வர்ற பாயிண்ட்டை ஒரு ஆளோட நாலு திறமைலயும் தூவாதீங்க, நாலையும் நிரப்ப முடியாது. அவிடஸ் ஹெவி போல்ட்டர் (பெரிய மெஷின்கன்) ஆளு, அவருக்கு தூரத்துல சுடறதுல போடுங்க. தடியஸ் ஜம்ப் பேக் போட்டு பாஞ்சு கிட்டத்துல வெட்டுற ஆளு, அவருக்கு கைச்சண்டைல போடுங்க. சைரஸ் ஸ்கவுட், அவரை மறைஞ்சு போக விட்டு வளத்தா தனி ஆளா பாதி மேப்பை முடிப்பார்.

எந்த கேமா இருந்தாலும்

வெட்டரன் யூனிட்டுக்கு தனி கண்ட்ரோல் குரூப் குடுங்க. எல்லாரையும் ஒரே குரூப்ல போட்டு அட்டாக் மூவ் (வழியில இருக்கற எதிரியை அடிச்சுக்கிட்டே போற ஆர்டர்) குடுத்தா, வேகமா ஓடுறவன் முதல்ல போய் தனியா மாட்டுவான், பெரும்பாலும் அது உங்க வெட்டரனாதான் இருக்கும், ஏன்னா நிறைய கேம்ல ரேங்க் ஏறுனா வேகமும் கூடும். என் வழக்கம், 1ல புது ஆளுங்க, 2ல பழைய ஆளுங்க, 3ல ரிப்பேர் அல்லது ஹீலர். சண்டைல முதல் அடி புது ஆளுங்க வாங்கட்டும், எதிரி குறி அவங்க மேல நின்னப்புறம் பழையவங்க உள்ள வரட்டும்.

அதுக்காக வெட்டரனை பேஸ்ல பூட்டி வைக்கவும் கூடாது. நான் ஒரு காலத்துல அப்படித்தான் செஞ்சேன், செத்துடுமோன்னு பயந்து நல்ல டேங்க் எல்லாத்தையும் பேஸ்ல நிறுத்திட்டு ரூக்கிகளை அனுப்புவேன், அவங்க வரிசையா செத்தாங்க, வெட்டரன் எக்ஸ்பி ஏறாம அப்படியே நின்னுச்சு, ரெண்டு பக்கமும் நஷ்டம். சண்டைக்கு போகணும், பாதி உயிர்ல திரும்பணும், சரியாகி மறுபடி போகணும். இந்த போக்குவரத்து எவ்ளோ வேகமா நடக்குதோ அவ்ளோ வேகமா ரேங்க் ஏறும். அதனால சண்டைல கிடைக்கிற முதல் காசை பெரிய துப்பாக்கில போடாம ரிப்பேர், ஹீல் இதுல போடுங்க.

சேவ் லோட் பத்தி கேப்பாங்க. ஒவ்வொரு டேங்க் சாகும்போதும் லோட் பண்ணா கேம் ஆடுற மாதிரியே இருக்காது, அதே சமயம் ஆறு மிஷன் வளத்ததை ஒரு தப்பான கிளிக்குக்கு பலி குடுக்கவும் வேணாம். மிஷன் ஆரம்பத்துல ஒரு சேவ், மிஷன் முடியப்போற நேரத்துல ஒரு சேவ். முடிஞ்சதும் எத்தனை வெட்டரன் போச்சுன்னு எண்ணிப் பாருங்க. பாதிக்கு மேல போயிருந்தா அந்த மிஷனை திரும்ப ஆடுங்க, ஜெயிச்சிருந்தாலும் பரவால்ல, ஏன்னா அந்த ஓட்டையோட நாலு மிஷன் தள்ளி போய் மாட்டுனா அங்கருந்து திரும்பி வர வழி இருக்காது.

இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிக்கணும்னா வார்ஸோன் 2100ஐ இறக்கி ஆல்ஃபா கேம்பெயின் போடுங்க. முதல் மிஷன்ல வர்ற ஒவ்வொரு டேங்க்குக்கும் ரிட்ரீட் அட் மீடியம் டேமேஜ் போட்டுட்டு மூணு மிஷன் ஆடிட்டு, மூணாவது முடிவுல முதல் மிஷன் டேங்க் எத்தனை மிச்சம் இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. அடுத்த தடவை ரிப்பேர் ஃபெசிலிட்டியை முன்னாடி தள்ளி கட்டி மறுபடி ஆடி, பக்கத்துலயே அந்த நம்பரையும் எழுதுங்க.